காரணம் சொல்லாத அடுப்புக்காரர்

எனக்கு அந்த மனிதர்மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. செத்துப்போனவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அவர் செத்தாரா இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது, அதனால் தாராளமாகக் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. தம்மைப் பற்றி யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதுவதை விரும்பாத ஆள் அவர். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்துகிற மெஷினுக்கு அடுப்பெரிக்கிற வேலை. தோட்டம் முழுவதும் அவரை அடுப்புக்காரர் என்றுதான் சொல்லும். நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தய்யா. முப்பது வயதிருக்கும், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. அவருக்கு ஐம்பதுக்கு மேல். ஆனாலும் நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன், அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது 'அவர்' என்று தானாக வருகிறது.

நெருப்பின் முன்னாலேயே நின்று நின்று அவருக்குப் புருவமே கிடையாது. அதனால் அவர் ஆச்சரியப்படுகிறாரா, கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சூடு பார்க்கப் புறங்கையை இரும்பில் வைப்பார். துணி காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். காய்ந்திருந்தால் தேயிலைக்குச் சொல்வது போலவே "வெந்துருச்சு" என்பார். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. பழுதான மெஷினை அவர் சரி செய்துவிடுவார், ஆனால் என்ன பழுது என்று உயிர் போனாலும் சொல்லமாட்டார்.

"சரியாப் போச்சுங்க. போட்டுப் பாருங்க."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் ஏது மெஷின் என்று கேட்கலாம். அது என் யோசனை. இலங்கையில் பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம், பண்டாரவளையோடு நின்றுவிடும். எங்கள் தோட்டம் பெரகலைக்கு மேலே, மலையின் முதுகில். ஐப்பசி பிறந்தால் மார்கழி முடிகிறவரை வெயிலைப் பார்ப்பது குதிரைக் கொம்பு. மூடுபனி சன்னல் வழியாக வந்து நோயாளியோடு கட்டிலில் படுத்துக்கொள்ளும். பதினாறு கட்டில், ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி. கூரை ஒழுகும். காய்ச்சல்காரனுக்கு வியர்க்கும், வாந்தி எடுப்பான், பிள்ளை பெற்றவளின் விரிப்பு எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. துவைத்த கம்பளி காய நாலு நாள் ஆகும், அதுவும் வெயில் இருந்தால். இல்லையென்றால் ஈரக் கம்பளியைத்தான் போர்த்தவேண்டும். மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்குவேன், போர்வை அதை மறுபடி ஏற்றிவிடும்.

தொழிற்சாலைக்குப் புது மெஷின் வந்தபோது பழையது ஒன்று மூலையில் கிடந்தது. அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டேன். தேயிலையைக் காயவைக்கிற மெஷின் கம்பளியைக் காயவைக்காதா? துரை சிரித்தார், ஆனால் கொடுத்தார். ஆளுயர இரும்புப் பெட்டி. அடியில் விறகடுப்பு, அதன் புகை தனிக் குழாயில் போய்விடும். வெளிக்காற்று அடுப்பைச் சுற்றிவந்து சூடேறி, நாலு கம்பிவலைத் தட்டுகளின் ஊடாக மேலே போய், உச்சியில் இருக்கிற ஒரு வாய் வழியாக வெளியேறும். தட்டில் கம்பளியை விரித்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். முதல் கம்பளி காய்ந்து வந்த அன்று நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மலையில் அதற்குமுன் அப்படியொரு கம்பளியை நான் தொட்டதில்லை.

மெஷினைப் பார்த்துக்கொண்டவள் செல்லம்மா. புருஷனை இழந்தவள். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, கொடுத்திருந்தார்கள். வேலை போனால் காம்பராவும் போய்விடும்.

நான் எதையும் எழுதிவைக்கிற ஆள். நோயாளிக்கு ஒரு புத்தகம் இருந்ததல்லவா, மெஷினுக்கும் ஒன்று போட்டேன். தேதி, கோளாறு, காரணம், சிகிச்சை என்று நாலு கட்டம். துரை மாதம் ஒருமுறை வந்து இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் அடுப்புக்காரர்தான். கோளாறுக் கட்டம் நிறைந்திருந்தது. சிகிச்சைக் கட்டத்தில் 'அடுப்புக்காரர் வந்தார், சரியானது' என்று வரிசையாக இருந்தது. காரணக் கட்டம் மட்டும் மொட்டையாக நின்றது.

ஒருமுறை மெஷினிலிருந்து கருகல் நாற்றம். ஆளனுப்பினேன், வந்தார், அடித்தட்டைக் கழற்றினார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எதையோ துண்டில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்லீங்க. சரியாப் போச்சு."

"நாத்தம் எதனால வந்துச்சு? அதைச் சொல்லு."

"மெஷின்னா அப்படித்தானுங்க."

இன்னொரு முறை உள்ளே ஏதோ உருண்டு உருண்டு டங் டங் என்றது. அடுத்த முறை வெள்ளை விரிப்பெல்லாம் கரி. பிறகு ஒருநாள் தட்டு இழுக்க வராமல் மாட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், மெஷின்னா அப்படித்தானுங்க. காரணம் தெரிந்தால் நானே பார்த்துக்கொள்வேனே, மழையில் ஒரு மைல் ஆளனுப்பி இவருக்காகக் காத்திருக்கவேண்டாமே! ஒருநாள் விடுவதில்லை என்று கூடவே நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். மென்றார். இன்னொரு வெற்றிலையை எடுத்தார். மெஷினைத் தொடவேயில்லை. உள்ளே ஒரு கிழவன் இருமுகிறான் என்று நான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரத்துக்குள் வேலை முடிந்து, ஆள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை டீமேக்கரிடம் போய் முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவன்கிட்டக் காரணம் கேக்காதீங்க மருந்தய்யா. இருபது வருசமா நானே கேக்கிறதில்ல. வேலை நடக்குதா இல்லியா?"

வேலை நடந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. வேலை தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தவன் மூடிக்கொண்டிருந்தால் எப்படி மன்னிப்பது?

அந்தக் கார்த்திகை மாதத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவும்.

பத்து நாளாக விடாத மழை. விறகெல்லாம் ஈரம், எரிவதைவிட அழுவதுதான் அதிகம். மெஷின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சி வாயிலிருந்து சூடான காற்று குபுகுபுவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. இருக்கிற விறகைக் கொட்டி உண்டாக்குகிற சூடு இப்படி வீணாகப் போகிறதே! சட்டியை மூடினால்தானே சோறு சீக்கிரம் வேகும்? இவ்வளவு நாளாக இது யாருக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"செல்லம்மா, ஒரு சாக்கைச் சுருட்டி அந்த வாயில அடை. சூடு உள்ளேயே நிக்கட்டும்."

அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க ஐயா" என்றாள். ஏறி அடைத்தாள்.

அன்று மாலை தட்டை இழுத்தால் கம்பளி சுடுகிறது, ஆனால் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. மறுநாளும் அப்படியே. அந்த மறுநாள் காலையில்தான் மூக்காயி என்கிற பெண்ணைத் தூக்கிவந்தார்கள். தலைப்பிரசவம். ஆண் பிள்ளை பிறந்தது, மாசம் நிறையாத பிள்ளை, என் உள்ளங்கையில் தலையும் முழங்கை மடிப்பில் காலும் இருந்தது. மூக்காயிக்குக் குளிர் காய்ச்சல் கண்டு கட்டிலே ஆடியது. போர்த்த ஒரு காய்ந்த கம்பளி கிடையாது. என் கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினேன். அடுப்புக்காரருக்கு ஆளனுப்பினேன்.

அவர் அடுத்த நாள் காலையில்தான் வந்தார். தொழிற்சாலையில் அடுப்பை விட்டுவர முடியவில்லையாம். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மெஷின் பக்கம் போனார். நான் மூக்காயி பக்கத்தில் இருந்தேன். கால் மணி நேரத்தில், "சரியாப் போச்சுங்க. போட்டுப் பாருங்க."

பகலுக்குள் கம்பளி காய்ந்து வந்தது. மூக்காயியைப் போர்த்தினோம். நடுக்கம் நின்றது. பிள்ளை முதல்முறையாக வாய் வைத்துக் குடித்தது. எனக்குச் சந்தோஷத்தில் அடுப்புக்காரர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அதோடு வழக்கமான எரிச்சலும் வந்தது.

"இப்பவாச்சும் சொல்லு. என்ன கோளாறு?"

அவர் வாசற்படியில் நின்றார். போகவில்லை. அது புதிது. என் கையில் இருந்த மெஷின் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, சூடு எங்க போவுதுன்னு பாக்காதீங்க. ஈரம் எங்க போவுதுன்னு பாருங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எனக்கே விடுகதை போடறியா?" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனை ஆயிரம் முறை நினைத்திருப்பேன்! அன்றைக்கு அரை நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அன்று இரவெல்லாம் ஒழுகிய கூரை, விடிகிறபோது பாதிக் கம்பளியை நனைத்திருந்தது. மெஷினிடம் போனேன். உச்சி வாயில் சாக்கைக் காணோம். காற்றடித்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சாக்கு இருக்கும்போதுதான் நேற்றுக் கம்பளி காய்ந்தது என்று என் கணக்கு.

"செல்லம்மா, சாக்கு விழுந்துபோச்சு பாரு. இந்தத் தடவை நல்லா இறுக்கி அடைச்சு மேல களிமண்ணையும் பூசிடு."

அவள் அசையவில்லை. "ஐயா... அந்த அண்ணே வந்தப்ப..."

"எந்த அண்ணே? நான் சொல்றதைச் செய்."

அவள் களிமண் குழைத்தாள். குழைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மழைக்குளிரில் முகம் அப்படி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றும் காயவில்லை. நான் விறகை இன்னும் போடச் சொன்னேன். இரும்பு கை வைக்க முடியாமல் சுட்டது, கம்பளி மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. செல்லம்மா ஒரு கம்பளியை அடுப்பு வாசலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓரம் கருகியது, நடுவில் சொதசொதவென்றே இருந்தது. மறுபடி ஆளனுப்பினேன். மறுநாள் காலையில் மூக்காயி என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, புள்ளை வாய் வைக்க மாட்டேங்குது."

தொட்டுப் பார்த்தேன். என் கோட்டும் அதற்குள் நனைந்திருந்தது. செல்லம்மா தன் சேலைத் தலைப்பை அடுப்பில் காட்டிக் காட்டிக் கொண்டுவந்து சுற்றினாள். பிள்ளையை என் மார்போடு வைத்துக்கொண்டேன், தேய்த்தேன், தெரிந்ததையெல்லாம் செய்தேன். உச்சிப் பொழுதில் பிள்ளை போய்விட்டது. குளிர் தாங்காமல் போனதா, மாசம் நிறையாததால் போனதா என்று இன்று கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பாதி பிழைக்காது. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு.

அடுப்புக்காரர் வந்தபோது மணி மூன்று இருக்கும். அந்த முறை நான் பின்னாலேயே போனேன், அவரும் வெற்றிலையை எடுக்கவில்லை. ஏறி, களிமண்ணை உடைத்து, சாக்கை இழுத்தார். உள்ளே அடைபட்டிருந்த நீராவி அவர் முகத்தில் அடித்தது. உட்சுவரெல்லாம் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. சாக்கைப் பிழிந்தார். ஒரு செம்பு தண்ணீர் கொட்டியது. ஈரம் எங்கே போகிறது என்று அப்போது கண்ணால் பார்த்தேன். வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கம்பளிக்கே திரும்பியிருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது மூக்காயி குடும்பத்தின் கங்காணி துரையிடம் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஈரக் கம்பளியைப் போர்த்திப் பிள்ளை செத்துப்போச்சு என்று. துரை குதிரையிலேயே வந்துவிட்டார். அடுப்புக்காரரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். மெஷின் முன்னால் நான், அடுப்புக்காரர், பின்னால் தூணை ஒட்டிக்கொண்டு செல்லம்மா. துரை என் புத்தகத்தைப் புரட்டினார். அவர் விரல் காரணக் கட்டத்தின் மேல் மேலிருந்து கீழே வந்தது.

"எல்லாம் காலி. ஏன்?"

நான் அடுப்புக்காரரைப் பார்த்தேன். துரையும் பார்த்தார்.

"நீ சொல்லு. மெஷின் என்ன கெட்டுப்போச்சு? யார் கெடுத்தது?"

"மெஷின்னா அப்படித்தானுங்க தொரை."

"யார் கெடுத்தது?"

"மெஷின்னா அப்படித்தானுங்க."

துரையின் கழுத்துச் சிவந்தது. செல்லம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் கை சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. நகக்கண்ணில் இன்னும் களிமண் இருந்தது, அது எனக்குத் தெரியும். பிறகு துரை என்னைப் பார்த்தார். என்னிடம் ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டார், காரணம் என்ன என்று.

இத்தனை வருஷம் காரணம், காரணம் என்று நச்சரித்த ஆள் நான். காரணம் இப்போது என் நாக்கில் இருந்தது. இரண்டே வார்த்தை.

"தெரியவில்லை, சார்" என்றேன்.

துரை புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். எது கெடுகிறது என்று யாருக்குமே தெரியாத மெஷின் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், கழற்றிப் பழைய இரும்போடு போடச் சொன்னார். குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அதைக் கழற்ற வந்ததும் அடுப்புக்காரர்தான். ஒரு தட்டாக, ஒரு தகடாக இறக்கி வைத்தார். மழை விட்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கையில் புத்தகம் இல்லை. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"கருகின நாத்தம் வந்துச்சே, அது என்ன?" என்றேன்.

"கம்பளிப் பஞ்சுங்க. உதிர்ந்து அடியில சேந்துரும். வாரத்துக்கு ஒருக்கா கூட்டணும். அதுக்கு அடுப்பை அணைக்க நீங்க நேரம் குடுக்கலீங்க." சாதாரணமாகச் சொன்னார், நேற்றைய சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போல.

"உள்ள ஏதோ உருண்டுச்சே?"

"தாயத்துங்க. ஆசுபத்திரிக்குள்ள தாயத்து கட்டக்கூடாதுன்னு நீங்க சொல்லிப்புட்டீங்க. ஒரு கெழவி கம்பளி மடிப்புல தைச்சு வச்சிருந்துச்சு. குடுத்துட்டேன்."

"கரி?"

"நோயாளிக அடுப்புல வள்ளிக்கிழங்கு சுட்டாங்க. கதவைச் சரியா மூடல. பசிங்கய்யா."

தட்டு மாட்டிக்கொண்டது ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரே நாளில் எல்லாம் காயவேண்டும் என்று இரண்டு கம்பளியை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கச் சொன்னது நான்தான்.

"செல்லம்மாகிட்டச் சொன்னியா இதெல்லாம்?"

"சொன்னேங்க. எல்லார்கிட்டயும் சொன்னேன். வாயை அடைக்காதேன்னும் சொன்னேன். பாவம், அது என்ன செய்யும்? நீங்க சொன்னா செஞ்சுதானே ஆவணும்."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?"

அவர் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்துத் தரையில் வைத்தார். பிறகு எனக்குத் தெரிந்து அவர் பேசிய நீளமான பேச்சைப் பேசினார்.

"ஒருக்காச் சொன்னேங்க. ரொம்ப வருசத்துக்கு முந்தி. மெஷின்ல ஒரு தட்டுத் தேயிலை கருகிப்போச்சு. ஏன்னு கேட்டாங்க. விறகு போடறவன் அசந்துட்டான்னு உள்ளதைச் சொன்னேன். புள்ளைக்கு மாரி கண்டு மூணு நாளாத் தூங்காதவன். எழுதிக்கிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே அவனுக்குப் பத்துச்சீட்டு. வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல. பொண்டாட்டியும் அவனும் அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மழையில பெரகலைக்கு இறங்கிப் போனதை இந்தக் கண்ணால பாத்தேன். நீங்க புஸ்தகத்துல எழுதுவீங்க. தொரை படிப்பாரு. அதான்."

எனக்குச் சுருக்கென்றது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "ஒரு புள்ளை செத்துப்போச்சு. நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடைச்சிருப்பேனா?"

"ஆமாங்க" என்றார். "சொல்லியிருக்கணும். அது எனக்குத் தெரியும்."

அப்படி ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவன் கையில் கம்பில்லாமல் நின்றேன். பிறகு எனக்கே ஏன் என்று தெரியாமல் கேட்டேன்: "நேத்து என்னைச் சொல்லியிருக்கலாமே. சாக்கை அடைக்கச் சொன்னது ஐயாதான்னு."

"அடைச்சது செல்லம்மா கையிங்க. தொரை கையைத்தான் பாப்பாரு. சொன்ன வாயைப் பாக்க மாட்டாரு." கழற்றிய தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். இடுப்பிலிருந்து அந்தச் சாக்கை எடுத்து, உதறி, மடித்து என் கையில் கொடுத்தார். காய்ந்திருந்தது. "நீங்க சொல்லியிருக்கலாம்ங்க ஐயா. உங்களுக்கு யாரும் பத்துச்சீட்டு குடுத்திருக்க மாட்டாங்க. ரெண்டு வார்த்தை திட்டியிருப்பாரு. மெஷினு இங்கயே நின்னிருக்கும்."

புருவமில்லாத அந்த முகத்தில் கேலி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. தகடுகளைச் சுமக்க ஆட்கள் வந்தார்கள். அவரும் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த மார்கழியில் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போயின. நோயாளிப் புத்தகத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'குளிர்' என்று எழுதினேன். துரை பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். செல்லம்மா அதே காம்பராவில் பல வருஷம் இருந்தாள், அதே ஈரக் கம்பளிகளைக் கொடியில் போட்டு எடுத்தபடி. மழைக்காலத்தில் அவற்றைத் தொடும்போதெல்லாம் நான் அவளைப் பார்க்கமாட்டேன், அவளும் என்னைப் பார்க்கமாட்டாள். மூக்காயி மட்டும் உடம்பு தேறிப் போகிற அன்று என் கோட்டைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாகக் காயவில்லை, மன்னிச்சுக்கங்க ஐயா என்றாள்.

மெஷின் புத்தகம் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அவர்மேல் கோபம் வருகிறது, நிஜமாகவே வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்று காலையில் துரையின் முன்னால் நாங்கள் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டுதான் நின்றோம். அவர் செல்லம்மாவுக்காக மூடிக்கொண்டார்.